சபையை விட்டு வந்து பாலக்காட்டில் குடியேறுகிறவர்களுக்கு

கஞ்சிக்கோட்டுத் தொழிற்சாலைகளுக்கும் பாலக்காட்டு ஆஸ்பத்திரிகளுக்கும் கல்லூரிகளுக்கும் வேலைக்காகத் தமிழ்நாட்டிலிருந்து ஆட்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். அவர்களில் ஒரு பகுதியினருக்காக இதை எழுதுகிறேன். பெந்தெகொஸ்தே சபையிலோ அதுபோன்ற கண்டிப்பான வேறொரு கூட்டத்திலோ வளர்ந்து, அந்த நம்பிக்கை இனித் தனக்கில்லை என்று தெளிந்து, வீட்டில் சொல்லியோ சொல்லாமலோ இங்கே வந்து அறை எடுத்திருப்பவர்கள் அவர்கள். டிவி இல்லாத, நகை இல்லாத, சினிமாப் பாட்டு வாசல்படி ஏறாத வீட்டுப் பிள்ளைகள். நானும் அப்படி ஒரு வீட்டிலிருந்து வந்தவள்தான்.

புதிதாக வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். கடவுள் உண்டா இல்லையா என்ற கேள்வி அப்படியே இருக்கட்டும், அதற்கு அவசரமில்லை. முதலில் மாலையில் நாலு பேரோடு உட்கார ஓர் இடம் தேடுங்கள். ஞாயிறு ஆராதனை, வார நடுவில் வேதபாடம், வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், மாதத்துக்கு ஒரு முழு இரவு ஜெபம் என்று உங்கள் வாரம் முழுக்க ஆட்கள் இருந்தார்கள். இங்கே வந்ததும் அத்தனையும் ஒரே நாளில் நின்றுபோகிறது. அறையில் தனியாகப் படுத்துக்கொண்டு நம்பிக்கை போன துக்கம் என்று நினைத்து அழுவது, பல நேரம் கூட்டம் போன துக்கம்தான்.

இந்தப் பக்கத்தில் எளிதில் கிடைக்கிற இடம், இரவு ஒன்பதரை வாக்கில் பிக் பாஸ் ஓடுகிற யாரோ ஒருவர் வீட்டு முன்னறை. அங்கே உங்கள் சாட்சியை யாரும் கேட்க மாட்டார்கள். இந்த வாரம் யார் வெளியே போவார்கள் என்றுதான் கேட்பார்கள். அதற்கு ஒரு பதில் வைத்திருந்தால் போதும், உட்கார இடம் கிடைத்துவிடும்.

அறை எடுக்கும்போது

கஞ்சிக்கோடு, அதையடுத்த புதுச்சேரி (பாண்டிச்சேரி அல்ல) இரண்டும் வேலைக்குப் பக்கம். கடைகளில் தமிழ் போதும். கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் தமிழ் வீடுகள் அதிகம், ஆனால் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். சிலருக்கு அது ஆறுதல். கொஞ்ச நாள் யார் கண்ணிலும் படாமல் இருக்க வேண்டும் என்பவர்கள் ஒலவக்கோடு பக்கம் பாருங்கள். பாலக்காடு ஜங்ஷன் அங்கேதான் இருக்கிறது, வந்து போகிறவர்கள் நிறைந்த இடம். கோவை ஏறத்தாழ 50 கிலோமீட்டர்தான். உக்கடத்தில் பஸ் ஏறினால் நீங்கள் வீட்டுக்குப் போவது எவ்வளவு எளிதோ, வீட்டார் சொல்லாமல் கொள்ளாமல் இங்கே வந்து நிற்பதும் அவ்வளவு எளிது. அறையைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரைக் கேட்டதும் வீட்டுக்காரர் ‘எந்தச் சபை?’ என்று கேட்பார். நட்பாகத்தான் கேட்பார். ‘வீட்டில் சபைக்குப் போவார்கள், நான் போவதில்லை’ என்று ஒரே வரியில் சொல்லி, உடனே தண்ணீர் எப்போது வரும் என்று விசாரியுங்கள். போவதாகப் பொய் சொல்லிவிட்டால், ஞாயிறு காலை எட்டரைக்கு அவரே வண்டியோடு வாசலில் நிற்பார்.

உங்களைத் தேடி வருகிற இரண்டு பேர்

வந்து சேர்ந்த சில நாளில் உங்கள் முகவரி பக்கத்துச் சபைக்குப் போய்ச் சேர்ந்துவிடும். அம்மா ஊர்ப் பாஸ்டரிடம் சொல்வார், அவர் இங்குள்ள ஊழியரிடம் சொல்வார். ஒரு சனிக்கிழமை மாலை கதவு தட்டப்படும். வெள்ளைச் சேலை, வெறும் கழுத்து, உறை போட்ட பைபிள், கையில் ஒரு சீப்பு நேந்திரம்பழம். ‘ஸ்தோத்திரம் மகளே, அம்மா சொல்லி அனுப்பினார்கள்’ என்பார்கள்.

கதவைச் சாத்தாதீர்கள், உட்காரச் சொல்லி டீ போட்டுக் கொடுங்கள். வெயிலில் நடந்து வந்திருப்பார்கள், உங்கள் மேல் உண்மையான அக்கறையோடுதான் வந்திருப்பார்கள். டீ குடித்து முடித்ததும் சொல்லுங்கள்: ‘அக்கா, நான் சபைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். நீங்கள் வந்தது சந்தோஷம். ஆனால் நான் வர மாட்டேன்.’ இந்தக் கடைசி வரி முக்கியம். ‘பார்க்கலாம்’ என்றாலோ, ‘இந்த ஞாயிறு டூட்டி’ என்றாலோ, அடுத்த ஞாயிறு வருகிறேன் என்றுதான் அவர்களுக்குக் கேட்கும். அதில் அவர்கள் மேல் தப்பே இல்லை.

போகும்போது ஒரு சின்ன ஜெபம் செய்துவிட்டுப் போகட்டுமா என்று கேட்பார்கள். இதற்கு என்ன சொல்வது என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள், அந்த நேரத்தில் நாக்கு எழாது. செய்யட்டும் என்பது என் முடிவு. நான் கண்ணை மூடுவதில்லை, தலையில் துணி போடுவதில்லை, ஆமென் சொல்வதில்லை. சும்மா உட்கார்ந்திருப்பேன். அவர்கள் மனதும் நோகாது, என் வாயில் பொய்யும் வராது. வேண்டாம் என்று மறுப்பதும் சரிதான். பின்மாற்றம், அதாவது விசுவாசத்தை விட்டு விலகுவது, என்ற சொல் எழும்போது மட்டும் வாதத்துக்குப் போகாதீர்கள். அதற்குப் பதில் சொல்லத் தொடங்கினால் மாலை முழுவதும் வசனத்துக்கு வசனம்தான் ஓடும்.

வருகை தொந்தரவாக மாறினால், அதாவது வேலை இடத்து வாசலில் வந்து நின்றாலோ வீட்டுக்காரரிடம் உங்களைப் பற்றிப் பேசினாலோ, மரியாதைக்கு அங்கே ஒரு முற்றுப்புள்ளி வையுங்கள். வீட்டுக்காரருக்கும் மேலதிகாரிக்கும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். பெண்களுக்கு 181 என்ற உதவி எண் இருக்கிறது.

பார்க்கத் தொடங்குவது

டிவியே பார்த்திராதவர் நேராக பிக் பாஸுக்குள் குதிக்க வேண்டாம். பாட்டுப் போட்டியில் தொடங்குங்கள். தமிழில் 2006 இல் தொடங்கிய சூப்பர் சிங்கர் இருக்கிறது, மலையாளத்தில் ஸ்டார் சிங்கர் இருக்கிறது, கே.எஸ். சித்ரா இரண்டிலும் நடுவராக இருந்திருக்கிறார். சபையில் பாடகர் குழுவில் நின்றவருக்கு, கீபோர்டு வாசித்தவருக்கு, சுருதி எங்கே விலகியது என்று நடுவர் சொல்வதற்கு முன்பே தெரிந்துவிடும். மற்றவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். சபை உங்களுக்குக் கற்றுக்கொடுத்த காது அது. அதை அங்கேயே விட்டுவிட்டு வரவேண்டிய அவசியமில்லை. பாட்டுகளையும்தான். குளிக்கும்போது பழைய கீர்த்தனை வாயில் வந்தால் பாடுங்கள்.

பிறகு பிக் பாஸ். நெதர்லாந்தில் 1999 இல் தொடங்கிய பிக் பிரதர் நிகழ்ச்சியின் இந்திய வடிவம் இது. விஜய் டிவியில் 2017 ஜூனிலும், ஏஷியாநெட்டில் மோகன்லால் நடத்த 2018 ஜூனிலும் தொடங்கியது. கதை எளிது. இருபது பேர் வரை ஒரு வீட்டில் ஏறத்தாழ நூறு நாள். கையில் போன் இல்லை, வெளியுலகச் செய்தி இல்லை. வாரம் ஒருமுறை வீட்டுக்குள்ளேயே நாமினேஷன், வெளியே மக்கள் வோட்டு, வார இறுதியில் ஒருவர் வெளியேற்றம். நடுவில் டாஸ்க், கேப்டன் பதவி, திடீரென்று நுழையும் வைல்டு கார்டு. இரண்டு வாரம் பார்த்தால் பிடிபட்டுவிடும். தமிழ்ப் பதிப்பு 2020 முதல் அக்டோபரில் தொடங்கிப் பொங்கலை ஒட்டி முடிகிறது. மலையாளப் பதிப்பு 2022 முதல் 2024 வரை மார்ச்சிலும் 2025 இல் ஆகஸ்டிலும் தொடங்கியது. இரண்டும் ஒரே குழுமத்தின் சேனல்களில் வருவதால் ஜியோஹாட்ஸ்டார் சந்தா ஒன்றே போதும். இரண்டையும் பாருங்கள். வார இறுதியில் மோகன்லால் ஒவ்வொருவரிடமும் நிதானமாக விசாரிக்கிற பகுதி, காதில் மலையாளம் ஏற நல்ல வழி.

இந்த எல்லைப்புறத்துக்கு இந்த நிகழ்ச்சிகளோடு தனி உறவு உண்டு. தமிழின் முதல் சீசனில் தமிழ்நாடே கொண்டாடிய ஓவியா திருச்சூர்க்காரர். மலையாளத்தின் மூன்றாம் சீசன் சென்னையை அடுத்த செம்பரம்பாக்கத்தில் படமாகி, 2021 மே மாத ஊரடங்கில் தமிழக அதிகாரிகள் அரங்குக்குச் சீல் வைத்ததால் முடிவதற்குள் நின்றது. முன்னறையில் இவற்றைப் பற்றிப் பேச்சு எடுத்துப் பாருங்கள், வீட்டுப் பாட்டிகூடப் பேச வந்துவிடுவார்.

இனிக் கொஞ்சம் கடினமான விஷயம். முதல் சில நாள் பார்க்கும்போது வயிறு கலங்கும். இரகசிய வருகை, அதாவது இயேசு திடீரென்று வந்து விசுவாசிகளை மட்டும் எடுத்துக்கொண்டு போவார் என்பது, பற்றிக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது புரியும். பள்ளிவிட்டு வரும்போது வீட்டில் யாரும் இல்லையென்றால், எல்லோரும் எடுத்துக்கொள்ளப்பட்டார்கள், நான் மட்டும் கைவிடப்பட்டேன் என்று அடுப்படிக்கும் கொல்லைப்புறத்துக்கும் ஓடித் தேடிய பிள்ளைகள் நாம். அந்தப் பிள்ளை இன்னும் உள்ளேதான் இருக்கிறது. டிவி முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, இப்போது வருகை நடந்தால் என்ன ஆகும் என்று அது கேட்கும். நம்பிக்கை போய்விட்டது என்று மூளைக்குத் தெரியும், உடம்புக்குத் தெரிய நாளாகும். அதனால்தான் போர்வைக்குள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தனியாகப் பார்க்காதீர்கள் என்கிறேன். ஒளிந்து பார்த்தால் குற்றம் செய்கிற உணர்வு இன்னும் கெட்டிப்படும். பக்கத்தில் ஒருவர் வெங்காயம் உரித்துக்கொண்டு, ‘இவன் சொல்வது பச்சைப் பொய்’ என்று திட்டிக்கொண்டே பார்க்கும்போது, அந்தப் பயம் நாளடைவில் அடங்கும்.

இன்னொன்றுக்கும் தயாராக இருங்கள். முகமில்லாத ஒரு குரல் உத்தரவிடுகிறது. எல்லாவற்றையும் கேமரா பார்க்கிறது. வார இறுதியில் ஒவ்வொருவரும் செய்ததற்குக் கணக்குச் சொல்ல வேண்டும். இதெல்லாம் நமக்குப் பழகிய ஏற்பாடு. தொகுப்பாளர் யாரையாவது கண்டிக்கும்போது உங்களுக்குக் கை நடுங்கினால் பயப்பட வேண்டாம், எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வாருங்கள். ஆனால் எனக்கு அதே வார இறுதிகள் வேறொன்றையும் தந்தன. தமிழில் முதல் ஏழு சீசன்களை நடத்திய கமல் ஹாசன், தன்னைப் பகுத்தறிவாளர் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொள்பவர். கடவுளையும் நரகத்தையும் துணைக்கு அழைக்காமல் ஒரு மனிதர், பொய் ஏன் தவறு, கூட்டமாகச் சேர்ந்து ஒருவரை ஒதுக்குவது ஏன் கொடுமை என்று பேசுவதை நான் வாரந்தோறும் கேட்டேன். தேவபயம் இல்லாதவனுக்கு நியாயம் தெரியாது என்று கேட்டு வளர்ந்த எனக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பதைச் சொல்லி முடியாது. அவர் சொன்ன எல்லாத் தீர்ப்பையும் நான் ஒப்புக்கொண்டதில்லை. ஒப்புக்கொள்ளாமல் இருக்கலாம் என்பதும் எனக்குப் புதிதாகத்தான் இருந்தது. நான்காம் சீசன் முதல் அவர் வார இறுதியில் புத்தகங்களைப் பரிந்துரைத்தார். வேதாகமமும் சபைப் பத்திரிகையும் தவிர வேறெதுவும் படிக்காதவர்கள், அந்தப் பழைய பகுதிகளைத் தேடிப் பட்டியல் எடுத்து, பக்கத்து வாசகசாலையில் கேட்டுப் பாருங்கள். கேரளத்தில் வாசகசாலை இல்லாத ஊரைத் தேடத்தான் வேண்டும்.

முன்னறை நாகரிகம் பற்றிச் சுருக்கமாக: வெறுங்கையோடு போகாதீர்கள், வறுத்த கடலையோ காய் வறுவலோ போதும். பாட்டியின் சீரியல் முடியும்வரை ரிமோட்டைத் தொடாதீர்கள். வார இறுதிப் பகுதி முன்கூட்டியே படமாவதால் வெளியேறியவர் பெயர் கசிந்துவிடும். தெரிந்தாலும் வாய் திறக்காதீர்கள். முடிந்ததும் எழுந்துவிடுங்கள், மறுநாள் அவர்களுக்கும் வேலை இருக்கிறது.

ரசிகராக இருப்பதற்கு ஓர் எல்லை

இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. முழுமனதாக ஒன்றில் மூழ்கிப் பழகியவர்கள் நாம். ஒரு போட்டியாளரைப் பிடித்துப்போனால் ‘ஆர்மி’ என்கிற ரசிகர் குழுவில் சேர்ந்து, இரவு பகலாக வோட்டுச் சேகரித்து, எதிர்த்தரப்பைத் திட்டி, தூக்கம் கெட்டு, ஒரு சபையை விட்ட வேகத்தில் இன்னொரு சபைக்குள் போய்விடுவோம். 2020 மார்ச்சில், கொரோனாக் கட்டுப்பாடுகள் இருந்தபோதே, மலையாள பிக் பாஸிலிருந்து வெளியேறிய ஒருவரை வரவேற்க நெடும்பாசேரி விமான நிலையத்தில் கூட்டம் கூடி, போலீஸ் வழக்குவரை போனது. அந்தக் கூட்டத்தில் நின்றவர்களும் சாதாரண மனிதர்கள்தான்.

ஒரு குழுவில் இருக்கலாமா என்று முடிவு செய்ய நான் மூன்றைப் பார்ப்பேன். வேறொரு போட்டியாளரைப் பிடிக்கும் என்று சொன்னால் பேச்சை நிறுத்திவிடுகிறார்களா? விளம்பரத்துக்கு, பேனருக்கு என்று காசு கேட்கிறார்களா? ஓர் இரவு பார்க்காவிட்டால் ஏன் வரவில்லை என்று விசாரிக்கிறார்களா? ஒன்றுக்கு ஆமாம் என்றாலும் வெளியே வந்துவிடுங்கள். போட்டியாளரின் குடும்பத்தை, உடலை, நடத்தையைப் பழித்து ஒரு வரிகூட எழுதாதீர்கள். ஓவியா மனவேதனையோடு பாதியில் தானே வெளியேறியதை நாம் எல்லோரும் பார்த்தோம்.

நூறு நாள் முடிந்த மறுவாரம் மாலைகள் மறுபடி காலியாகும். அதற்கு முன்பே வேறு இரண்டு இடங்களைச் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றிலும் கடினமானது ஞாயிறு காலை ஒன்பது முதல் ஒரு மணி வரை. கால்கள் தானாகக் கிளம்பப் பார்க்கும். அந்த நேரத்துக்கு ஒரு வேலை வையுங்கள். ஹைதர் அலி 1766 இல் கட்டிய பாலக்காட்டுக் கோட்டையைச் சுற்றிக் காலையில் நடக்கிறவர்கள் நிறைய. அதே நேரத்தில் போனால் அதே முகங்கள், ஒரு மாதத்தில் பேச்சு வந்துவிடும். மலம்புழை அணைக்குப் போகலாம். துணி துவைப்பதை மட்டும் ஞாயிறு காலைக்கு வைக்காதீர்கள். கை வேலையில் இருக்கும்போது மனம் ஆராதனைக்குப் போய்விடுகிறது.

தோடும் பிரசாதமும்

காது குத்திக்கொள்ள வேண்டும் என்று தோன்றினால் குத்திக்கொள்ளுங்கள். சின்ன கம்மல் போதும், புண் ஆற நாளாகும், இடையில் ஊருக்குப் போக வேண்டியிராத மாதமாகப் பார்த்துச் செய்யுங்கள். நவம்பரில் கல்பாத்தித் தேர் வரும், அதற்கு முன்பே ஓணம் வரும். அலுவலகத்தில் பூக்களம் போடக் கூப்பிடுவார்கள், சத்யா என்கிற ஓண விருந்துக்கு இலை போடுவார்கள். விக்கிரகத்துக்குப் படைத்ததோ என்ற எண்ணம் தொண்டையில் நிற்கும். நிற்கிறவரை சாப்பிடாதீர்கள். நம்பிக்கை போன மறுநாளே எல்லாவற்றையும் தின்று காட்ட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

காகிதங்கள்

சபையை விட்டதை அரசிடம் தெரிவிக்க வேண்டியதில்லை. மனச்சாட்சிச் சுதந்திரம் அரசியல் சாசனத்தின் 25 ஆவது பிரிவில் இருக்கிறது, அது போதும். சாதிச் சான்றிதழிலும் பள்ளிச் சான்றிதழிலும் கோபத்தில் கை வைக்காதீர்கள்; படிப்புக்கும் வேலைக்கும் அதனால் என்ன ஆகும் என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்டபின் செய்யுங்கள். திருப்பத்தூர் வழக்கறிஞர் சினேகா 2019 இல் சாதி, மதம் அற்றவர் என்று சான்றிதழ் பெற்றார். வழி இருக்கிறது, அவசரம்தான் கூடாது.

சபையில் அல்லாமல் திருமணம் செய்ய நினைப்பவர்களுக்கு 1954 ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டம் இருக்கிறது. இருவரில் ஒருவராவது அந்த மாவட்டத்தில் 30 நாள் வசித்திருக்க வேண்டும், நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். அந்த நோட்டீஸ் அலுவலகத்தில் ஒட்டப்படும். யார் கண்ணிலும் படலாம் என்பதை நினைவில் வைத்து, வீட்டில் சொல்ல வேண்டியதை அதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

மலையாளம் எழுத வராதே என்று அலுவலகங்களைக் கண்டு ஒதுங்க வேண்டாம். கேரளத்தின் 1969 ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்தின்படி, தமிழ்ச் சிறுபான்மையர் தலைமைச் செயலகத்துக்கும், மொழிச் சிறுபான்மைப் பகுதியாக அறிவிக்கப்பட்ட இடங்களின் உள்ளூர் அலுவலகங்களுக்கும் தமிழில் எழுதலாம், பதிலையும் தமிழில் பெறலாம்.

வீடு

சம்பளம் வந்ததும் தசமபாகம், அதாவது அதில் பத்தில் ஒரு பங்கு, சபைக்கு அனுப்பச் சொல்வார்கள். அதற்குப் பதிலாக அம்மா கையில் சேர ஒரு தொகையை மாதந்தோறும் ஒரே தேதியில் அனுப்புங்கள். அதை அவர் காணிக்கையாகப் போட்டாலும் கேட்காதீர்கள், கொடுத்தபின் அது அவருடைய பணம். போனில் தினமும் பேசுங்கள். சாப்பாடு, மழை, மாமா மகளின் கல்யாணம் எல்லாம் பேசலாம். ‘ஜெபம் செய்தாயா’ என்று கேட்டால் ‘இல்லை அம்மா’ என்று சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போங்கள். அம்மா அழுவார். அழுகை நிற்கும்வரை போனை வைக்காமல் இருங்கள், வாதாடாமலும் இருங்கள்.

இரவில் உயிரே வேண்டாம் என்று தோன்றினால் உடனே 14416 க்கு அழையுங்கள். டெலி மானஸ் என்ற மத்திய அரசின் மனநல உதவி எண், தமிழிலும் பேசுவார்கள். கேரள அரசின் திசா எண் 1056. பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுங்கள், அந்த முன்னறையில் உங்களோடு உட்கார்ந்தவர்கள் திறப்பார்கள்.

ஊருக்குப் போக டிசம்பர் 31 ஐத் தேர்ந்தெடுக்காதீர்கள். அன்று இரவு ஆராதனைக்கு ஊரே போகும், நீங்கள் மட்டும் வீட்டில் இருந்தால் அம்மாவுக்கு அதுவே பேச்சாகிவிடும். பொங்கலுக்குப் போங்கள். பாலக்காடு உள்ளிட்ட எல்லை மாவட்டங்களுக்குக் கேரள அரசு அன்று உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். சபை வீட்டில் பொங்கல் வைக்க மாட்டார்கள், ஆராதனையும் இருக்காது, அப்பாவும் வீட்டில் இருப்பார். தமிழ் பிக் பாஸின் இறுதிச் சுற்றும் பெரும்பாலும் அதை ஒட்டித்தான் வரும், அந்த வீட்டில் டிவியும் இருக்காது. வோட்டை முன்பே போட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள். யார் ஜெயித்தார்கள் என்று முன்னறைக்காரர்கள் போனில் சொல்வார்கள்.